யோகராஜின் மொழிபெயர்ப்பு

முப்பது வருட அந்தமான் வாசத்தில் திருநாவுக்கரசு இந்தியைத் தன் வாசற்படி தாண்ட விட்டதில்லை. சாகும்வரை கற்க வேண்டும் என்று தமிழ்ச் சங்க மேடையில் மணிக்கணக்கில் முழங்குவார். முழங்கிவிட்டு வந்து, மீன் விலை கேட்க மனைவி மரகதத்தை அனுப்புவார். அவள் கடைத்தெருவில் பொறுக்கிய இந்தியில்தான் அந்த வீடே சாப்பிட்டது.

மரகதம், அவர்கள் குடியிருந்த கார் நிக்கோபாரில், சுனாமி அலையோடு போனாள். அன்று அவர் போர்ட் பிளேரில், சங்கத்து ஆண்டு விழாவுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். உரை பத்திரமாக இருந்தது. அவள் உடல் கிடைக்கவில்லை.

அழுகை வரவில்லை. பல் தேய்த்தார், சாப்பிட்டார், சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

அடுத்த வருடம், அலைக்குத் தப்பிக்கக் கடைசியாக மரகதத்தோடு ஓடியவள், போர்ட் பிளேருக்கு அக்கரையில் பம்பூஃப்ளாட்டில் இருப்பதாகத் தெரிந்தது. கார் நிக்கோபார் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்த ராஞ்சிக்காரி சுசீலா. தமிழ் தெரியாது. திருநாவுக்கரசு சங்கச் செயலாளர் யோகராஜைக் கூட்டிப் போனார். சுசீலா தரையைப் பார்த்தபடி ரெண்டே வரி சொன்னாள்.

யோகராஜ் தொண்டையைச் செருமினார். "கைகூப்பினபடி, உங்க பேரைச் சொல்லிக்கிட்டே அமைதியா போயிட்டாங்களாம் ஐயா. முகத்துல ஒரு தேஜஸாம்."

இரங்கல் கூட்டங்களில் எத்தனை பேரை அவரே இப்படித் தேஜஸோடு வழியனுப்பியிருக்கிறார். சரக்கு எந்தக் கடையுடையது என்று தெரியாதா? அதோடு, மரகதம் ஒருநாளும் அவர் பெயரைச் சொன்னவள் இல்லை.

மறுநாள் சாத்தம் படகுத்துறையில், ராக்கப்பனின் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"ஏக்... சாய்."

"தலைவரே, மைக்கைக் குடுத்தா இறங்க மாட்டீங்க. ஒரு டீ கேக்க இப்பிடி வேர்க்குது?"

"தப்பா சொல்லிட்டேனா?"

"சரிதான். இங்க எல்லாரும் இந்தியைத் தப்புந்தவறுமாத்தான் பேசுறோம், நீங்களும் பேசுங்க."

பெஞ்சில் இருந்த வங்காளிகள் சிரித்தார்கள். தினமும் சிரித்தார்கள். அவருக்கு உறைக்கவில்லை. மரத்துப்போனதில் கண்ட லாபம் அது ஒன்றுதான்.

மழைக்காலம் முடிந்ததும் தனியாகப் படகேறினார். சுசீலா வாசலுக்கு வந்து, அவருக்குப் பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"மரகதம்... க்யா ஹுவா? சச் போலோ." நடந்ததை உள்ளபடி சொல் என்று கேட்டார்.

அவள் நிதானமாக, கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். ஒரு கையில் பிள்ளை. இன்னொரு கையில் மரகதம். "ஹாத் பக்டா. ஃபிர் சோட் தியா." கையைப் பிடித்தேன், பிறகு விட்டுவிட்டேன். அன்றைக்கு யோகராஜிடமும் இதையேதான் சொன்னாளாம்.

எல்லாச் சொல்லும் புரிந்தது. நெஞ்சில் ஏதாவது உடையும் என்று காத்திருந்தார், ஒன்றும் உடையவில்லை. சுசீலா கதவைப் பிடித்தபடி, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நின்றாள். அவரிடம் இரங்கலுக்கும் மன்னிப்புக்கும் தமிழில் மூட்டை மூட்டையாக வார்த்தைகள் இருந்தன. இந்தியில் இருந்ததெல்லாம் டீக்கடையில் கிடைத்தது மட்டும்.

"பைட்டோ," என்றார். உட்காரம்மா.

பிறகு, "சாய் பியேகா?"

அவள் வீட்டில் நின்றுகொண்டு அவளையே டீ குடிக்கிறாயா என்று கேட்டது கொஞ்சம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அதற்குள் சுசீலா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள்.