மேல்வளைவு ஹோன்

சாவுத் தப்பின் முதல் அடி விழுந்ததுதான் தாமதம், சர்மிளா அப்பாவின் பெட்டிக்கு அடியில் புகுந்துகொண்டாள். இரண்டு நீள மர வாங்குகளின் மேல் வைத்திருந்த பெட்டி. வாங்கின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் போட்ட கூச்சலில், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி வரியில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். வாங்கு ஆடியது. பெட்டிக்குள் முத்துலிங்கம் ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்தார். உயிரோடு இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பார்.

"புடிங்க புடிங்க! பொட்டி உழுந்திரப் போவுது!" என்று ஓடி வந்தார் பழனியாண்டி. முத்துலிங்கத்தின் அண்ணன். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியின் உடலைக் கொண்டுவந்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாவற்றுக்கும் அவர்தான் கட்டளை. கட்டளை போடாத நேரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

பிரியந்தி மண்டியிட்டு உள்ளே கை நீட்டினாள். பன்னிரண்டு வயது மகள் அந்தக் கையை நன்றாகக் கடித்தாள். தாலி கட்டியவன் போன துக்கத்தில் அழுகிறாளா, கடித்த வலியில் அழுகிறாளா என்று சுற்றி நின்றவர்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை. பிரியந்திக்கே முடியவில்லை.

"புள்ளக் காம்பராவுக்குக் கொண்டு போயிரு," என்றார் பழனியாண்டி. "பொட்டி எடுத்த பொறகு கூட்டியாந்தாப் போதும்."

"அப்பன வழியனுப்ப வேணாமா பெரியப்பா?" மகள் கூப்பிட வேண்டிய முறையைச் சொல்லித்தான் பிரியந்தியும் அவரைக் கூப்பிடுவாள். மகளுக்குப் பேச்சு வராததால் அந்த முறைக்கு அவள் ஒருத்தியே மிச்சம்.

"இதுக்கு என்னாம்மா வெளங்கப் போவுது?"

"அந்தத் தப்ப மட்டும் நிறுத்தச் சொன்னா…"

"தப்பு இல்லாமத் தூக்குறதுக்கு எந் தம்பி என்னா அனாதப் பொணமா?" அவருடைய குரல் உடைந்தது. கோபமில்லை. தம்பிக்கு அவர் செய்யக்கூடியது இனி அது ஒன்றுதான்.

புள்ளக் காம்பரா என்பது வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் தப்புச் சத்தம் அவ்வளவாக எட்டாது. சாவு வீட்டுக்காக இன்று தோட்டத்தில் வேலை இல்லை; ஏணைத் துணிகள் எல்லாம் வெறுமனே தொங்கின. சர்மிளா ஒரு மூலையில் ஒடுங்கி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிரியந்தி எதிரில் உட்கார்ந்தாள்.

"சர்மி, அப்பா…" என்று தொடங்கினாள். அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்தப் பிள்ளைக்கு எதையும் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. அது முத்துலிங்கத்தின் இலாகா.

கொழுந்து லொறியிலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு அவருக்கு மலை வேலை இல்லை. பிரியந்தி கொழுந்து பறிக்கப் போனாள். அவர் மகளை ஹட்டனுக்கு, விசேட கல்வி வகுப்புக்குக் கூட்டிப்போனார். பிள்ளையை விட்டுவிட்டு வெளியே நிற்கிற ஆளில்லை அவர். உள்ளே போய், சின்னக் கதிரையில் பெரிய உடம்பை மடக்கி, தாய்மாரோடு சேர்ந்து கடதாசி வெட்டினார். பெற்றோர் குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டுமென்றதும் தாய்மார் எல்லாரும் சேர்ந்து அவரைக் காட்டிவிட்டார்கள். காலையில் அவர் மகளோடு பஸ்ஸுக்கு ஏறும்போது லயத்து ஆண்கள், "பொம்பளைங்க சங்கத் தலைவரு போறாரு டோய்!" என்பார்கள். "ஒங்க பொண்டாட்டியயும் சேரச் சொல்லுங்கப்பா, சந்தா கெடையாது," என்பார் அவர்.

பிரியந்திக்குத்தான் முகம் சுருங்கும். அந்த வகுப்புக்கு அவள் போனது ஒரேயொரு தடவை, பெற்றோர் கூட்டத்துக்கு. சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விழித்தபோது கூட்டம் முடிந்திருந்தது; பிள்ளைகள் வாயில் விரல் வைத்துக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எழுப்பிவிடக் கூடாதாம்.

கதவில் ஒரு குடை தட்டியது. கறுப்பு அபாயாவில் ஒரு பெண், கையில் பொலித்தீன் பை.

"சர்மி எங்க?" சாவு வீட்டுக்கு வந்தவள் முதலில் கேட்டது அதைத்தான். பிறகுதான் பிரியந்தியைப் பார்த்தாள். "நான் அசீசா. எங்கட மகன் ஸஃப்வான் இவட வகுப்புத்தான். ஒங்கள இப்பதான் பாக்குறன், ஆனா ஒங்கட மாசிச் சம்பல் எனக்கு நல்லாத் தெரியும். முத்துலிங்கம் அண்ணன் சோத்துப் பார்சலப் பிரிச்சா எல்லாருக்கும் பங்குதானே."

பையிலிருந்து ஒரு கடதாசி மாலையை எடுத்தாள். பிள்ளைகள் வெட்டிய பூக்கள். எதுவும் எந்தப் பூவையும் போல இல்லை. "கோணலாத்தான் இருக்கு. கோணல நேராக்க வாணாம்னு அண்ணன்தானே செல்லித் தந்த."

"தப்படிச்சாலே கத்துறாக்கா," என்றாள் பிரியந்தி. "பொட்டி போற வரைக்கும் இங்கேயே வச்சிக்கலாம்னு…"

"அடுத்த ஆள் போடுற சத்தம்தான் இவக்குப் பயம். தான் போடுறதுக்கு இல்ல. அத கண்டுபிடிச்சதே அண்ணன்தான். இடவேள மணி அடிச்சா விழுந்து பொரண்டு அழுவா. அண்ணன் டீச்சர்கிட்டக் கேட்டு மணியடிக்கிற கட்டய இவட கையில குடுத்தாரு. இப்ப மணியடிக்கிறது இவதான். இவ லீவு போட்டா எங்களுக்கு இடவேள இல்ல." அசீசா சிரித்தாள். "பஸ் ஹோனும் அப்புடித்தானே."

"எந்த பஸ் ஹோனு?"

"அல்லாஹ், தெரியாதா? வளைவுல எறங்கினதும் டிரைவர்ட பக்கம் தூக்கிப் புடிச்சி, இவட கையாலதானே ஹோன் அடிக்க விடுவாரு."

பிரியந்திக்கு அந்த ஹோன் தெரியும். பின்னேரம் கொழுந்துக் கூடையும் முதுகுமாக மலையில் நிற்கும்போது, மேல்வளைவில் அந்த பஸ் காரணமே இல்லாமல் நீளமாக ஹோன் அடிக்கும். ரோட்டில் ஆடு மாடு இருக்காது. "இவன் கை அழுகிப் போவ," என்று டிரைவரைத் தினமும் திட்டிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பாள். பெரிய உருவம் ஒன்றும் சின்ன உருவம் ஒன்றும் கைகோத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பது தெரியும். அதன் பிறகு மறுபடி கொழுந்து.

இத்தனை நாளும் யார் கையைச் சபித்தாள்!

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் பெட்டியில் கிடக்கும்போது சிரிக்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்ததும் இன்னும் வந்தது. கடைசியில் அது அழுகையாகத் திரும்பி, அசீசாவின் தோளை நனைத்தது. சர்மிளா ஒரு காதிலிருந்து மட்டும் கையை எடுத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுமாரியில் ஒரு தகரத் தட்டும் கரண்டியும் இருந்தன. பிரியந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவற்றை மகளின் கையில் கொடுத்தாள். சர்மிளா தட்டைப் பார்த்தாள். ஒரு தட்டு. பிறகு இன்னொன்று.

தட்டிக்கொண்டே மேட்டைத் தாண்டி வந்தார்கள். வாசலில் தப்புக்காரர்கள் காய்ந்த சருகைக் கொளுத்தித் தப்புக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் அழகுமுத்து, முத்துலிங்கத்தோடு ஒன்றாய்ப் படித்து ஒன்றாய்ப் பள்ளிக்கூடத்தை விட்டவர்.

"அழகண்ணே, நீங்க மத்தவங்கள அடிக்க வேணாம்னு சொல்லுங்க. ஒங்க குச்சிய எம் புள்ளகிட்ட குடுங்க."

பழனியாண்டி வந்து நின்றார். "பிரியந்தி, ஒனக்கு மூள கீள கொழம்பிருச்சா? பொம்பளப் புள்ள தப்பத் தொடுறதா? அதுவும் நம்ம ஊட்டுப் புள்ள?"

அழகுமுத்து தப்பைத் திருப்பி மறுபக்கத்தைத் தீயில் காட்டினார். "பழனி, நான் தொட்டா நீங்க கேப்பீங்க. ஒங்க ஊட்டுப் புள்ள தொட்டா மட்டும் காது கேக்காமப் போயிருமோ?"

யாரோ களுக்கென்றார்கள்.

"பெரியப்பா," என்றாள் பிரியந்தி, "அவரு கூட்டிப் போன எடத்துக்கெல்லாம் இது போச்சு. இன்னக்கி மட்டும் பூட்டி வச்சிட்டுப் போறது அவருக்கே புடிக்காது."

பழனியாண்டி தம்பியின் பெட்டியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. "மெதுவா அடிக்கச் சொல்லு," என்றார் கடைசியில்.

அழகுமுத்து முழங்காலிட்டுத் தப்பைச் சர்மிளாவின் உயரத்துக்குப் பிடித்தார். அவள் கரண்டியைக் கீழே போட்டாள். குச்சியை வாங்கினாள். முதல் அடி தோலில் பட்டதும் உள்ளங்கையால் அதைத் தொட்டு, அதிர்வு நிற்கும்வரை வைத்திருந்தாள். பிறகு இரண்டாவது அடி.

அந்த ஊர்வலத்தைப் போல ஒன்றைத் தோட்டம் கண்டதில்லை. ஓர் அடி விழும். பெட்டியைத் தூக்கியவர்கள் நாலு எட்டு வைப்பார்கள். அடுத்த அடி வர நேரமாகும். காலைத் தூக்கியபடியே நிற்பார்கள். அழகுமுத்து தப்பை ஏந்திப் பின்பக்கமாகவே நடந்தார். மற்றத் தப்புக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகளைப் போல் கூச்சத்தோடு வந்தார்கள். "உசிரோட இருக்கக்குள்ளயும் இவன் ஒரு எடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்ல," என்றார் பெட்டி தூக்கிய ஒருவர். பெட்டியின் மேல் கோணல் பூக்கள் ஆடின.

மேல்வளைவு வரைதான் பெண்கள். அதற்கு அப்பால் மயானத்துக்கு ஆண்கள் மட்டும் போவார்கள். அங்கே ஹட்டன் பஸ் வழிவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தது, எஞ்ஜினை நிறுத்தியிருந்தார்கள். சர்மிளா தானாகவே குச்சியை அழகுமுத்துவிடம் நீட்டினாள். பெட்டி தேயிலைக்கு நடுவே இறங்கத் தொடங்கியது. அழகுமுத்து தப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போனார்.

அம்மாவின் கையை உதறிவிட்டுச் சர்மிளா பஸ்ஸின் டிரைவர் பக்கம் போய் நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். எதற்கென்று பிரியந்திக்கு இப்போது தெரியும். இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். பாரமாக இருந்தாள். இடுப்பு போன மனிதர் இவளைத் தினமும் எப்படித் தூக்கினாரோ. டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஹோன் நீளமாக ஒலித்தது. மலைக்கு மலை மோதித் திரும்பி வந்தது.

மகளை இறக்கிவிட்ட பிரியந்தி, ஹோன் கேட்டால் நிமிர்கிற பழக்கதோஷத்தில், அந்தப் பெரிய உருவத்தைத் தேடி, பஸ்ஸின் வாசலைப் பார்த்தாள். மிதிபலகையில் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தான். என்ன நினைத்தானோ, யாரோ இறங்க வழிவிடுவதுபோல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றான்.