பத்தொன்பது முறை எழுந்தவள்

பத்தொன்பது பேரும் பாஸ். ஒருத்திகூடவா தடுமாறவில்லை? ஒருவன்கூடவா? அப்படியென்ன பிரமாதமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் நான்?

கிள்ளானுக்குப் போகும் ரயிலில் மகதலேனா உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தாள். மடியிலிருந்த கோப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். பெயர்கள் மாறவில்லை, மதிப்பெண்களும் மாறவில்லை. எதிரே இருந்த பெண் அவளுடைய ஆடும் காலையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நிலையம் தாண்டுவதற்குள் அது மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது.

பதினைந்து வருடம் தாதியாக இருந்துவிட்டு, முதியோர் இல்லங்கள் நடத்தும் கம்பெனி ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தவள் அவள். மூன்று மாதத்துக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் தலைமை அலுவலகத்தில் ஒரு நாள் வகுப்பு எடுத்தாள். பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்பது பாடம். நோயாளியின் இடுப்பில் பிடித்துத் தூக்கும் பட்டி கட்ட வேண்டும், முட்டிக்கு முட்டி முட்டுக் கொடுக்க வேண்டும், அக்குளில் கை போட்டு இழுக்கவே கூடாது. மாலையில் செய்முறைப் பரீட்சை. நோயாளியாக நடிக்க ஆள் கிடைக்கவில்லை. நாற்பத்தாறு கிலோ இருந்த மகதலேனாவே கட்டிலில் உட்கார்ந்தாள். பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு முறை அவளைத் தூக்கினார்கள்.

வகுப்புக்கு முன் சராசரி நாற்பத்தொன்று, பின் தொண்ணூற்று நான்கு. கருத்துப் படிவத்தில் எல்லாரும் ஐந்து நட்சத்திரம். 'வேறு கருத்து' என்ற இடத்தில் ஆறு பேர் மதியச் சாப்பாட்டின் நாசி லெமாக் சம்பலைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். மேலாளர் சுகுமாறன் அந்த இரண்டு சராசரியையும் குட்டைச் சாம்பல் கட்டமாகவும் நெட்டைப் பச்சைக் கட்டமாகவும் வரைந்து எல்லாருக்கும் காட்டினார். அன்றைக்குக் கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. மூன்று நாள் அவள் முட்டி வலித்தது. தைலம் தேய்த்தபடி வயதைத் திட்டிக்கொண்டாள்.

இப்போது வேலையிடத்திலேயே போய்ப் பார்த்து, கற்ற திறன் நிலைத்திருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அந்தப் பத்தொன்பது பேரும் இனி இருவராக அல்ல, தனியாகவே நோயாளியைத் தூக்கலாம். காப்பாரில் திறக்கப்போகும் முப்பது கட்டில் இல்லத்துக்குச் சுகுமாறன் அந்தக் கணக்கில்தான் ஆள் போட்டிருந்தார்.

கிள்ளான் இல்லத்தில் சீதாலெட்சுமி காத்திருந்தாள். கேரி தீவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருபவள். ஐம்பது வயது. ஹெல்மெட் அழுத்திய கோடு நெற்றியில் இன்னும் மறையவில்லை. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் அவள்தான்.

"மிஸ், ரொம்ப உத்துப் பார்க்காதீங்க லா. கை நடுங்குது."

கட்டிலில் சாய்ந்திருந்த லெஸ்லி அங்கிளுக்கு வலப்பக்கம் செயலிழந்திருந்தது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. "நடுங்குற கையாலயா என்னைத் தூக்கப் போற? எனக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு மகள்கிட்ட கேட்டுட்டுத் தூக்கு."

"வாயை மூடுங்க அங்கிள், பாதி வெயிட்டு குறையும்."

பட்டியைச் சரியாகக் கட்டினாள். நாற்காலிச் சக்கரங்களுக்குப் பூட்டு போட்டாள். பாதத்தை வைத்த இடம் சரி, முட்டுக் கொடுத்த விதமும் சரி. மகதலேனா படிவத்தில் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தாள். மனது கொஞ்சம் அடங்கிற்று.

"சத்து... டுவா... தீகா!"

மலாயில் மூன்று எண்ணித் தூக்குவது எல்லா இல்லங்களிலும் வழக்கம். சீதாலெட்சுமி பட்டியை இழுத்தாள். எண்பது கிலோ லெஸ்லி அங்கிள் கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பினார். அதற்கு மேல் வரவில்லை. ஒரு கணம் அவள் முகம் வெறுமையாயிற்று. அடுத்த கணம் இரு கைகளும் பட்டியை விட்டுவிட்டு, பழகிய பாதையில் போவதுபோல் அவர் அக்குளுக்குள் போயின.

"ஏசுவே!" அவர் அலறினார். உடல் சரிந்தது. மகதலேனா படிவத்தைப் போட்டுவிட்டு ஓடி மறுபக்கம் பிடித்தாள். இருவருமாக அவரை நாற்காலியில் சேர்த்தார்கள்.

தோளைத் தடவித் தலையணை வைத்து, வலி அடங்கியதா என்று நாலு முறை கேட்ட பிறகு, சீதாலெட்சுமி நடைவழிச் சுவரில் இடுப்பை அழுத்திச் சாய்ந்து நின்றாள்.

"வலிக்குதா?"

"இது இன்னைக்கு வந்த வலியா மிஸ்."

"கிளாஸ்ல அவ்வளவு அழகா செஞ்சீங்களே."

சீதாலெட்சுமி தயங்கினாள். பிறகு சிரித்துவிட்டாள். "கிளாஸ்ல நீங்கதானே எந்திரிச்சீங்க."

"நானா?"

"தீகா சொன்னதும் டக்குன்னு எந்திரிச்சிடுவீங்க. நாங்க பட்டிய சும்மா பிடிச்சிக்கிட்டிருந்தோம். வெளியில வந்து எல்லாரும் ஒரே சிரிப்பு. மிஸ்ஸுக்கு நம்ம மேல அவ்ளோ பாசம், யாரையும் பெயிலாக்க மனசு வரலன்னு பேசிக்கிட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அங்கிளுக்குப் பாசம் இருக்கு, கால்தான் இல்ல."

மகதலேனாவுக்கு முட்டியில் அந்த மூன்று நாள் வலி திரும்ப வந்ததுபோல் இருந்தது. பத்தொன்பது முறை. தெரிந்து செய்தாளா? இல்லை என்றுதான் சொல்லத் தோன்றியது. ஆனால் ஒவ்வொருவர் முகத்திலும் பயத்தைப் பார்த்ததும், பாவம், தேறட்டும் என்று உள்ளே ஏதோ சொன்னது நினைவிருந்தது. அவர்களுக்காகத்தானா அது? எல்லாரும் தேறினால் நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கப்போவது யார்? இந்தக் கேள்வியை அவளால் கிட்டே வைத்துப் பார்க்கவும் முடியவில்லை, தள்ளிவிடவும் முடியவில்லை.

"பெயில் போட்டுறாதீங்க மிஸ்," என்றாள் சீதாலெட்சுமி. "சம்பள கிரேடு ஏறும்னு சொல்லியிருக்காங்க."

"உங்களுக்குப் பெயில் போட மாட்டேன்."

திரும்பும் ரயிலில் உட்காரவே தோன்றவில்லை. கம்பியைப் பிடித்தபடி பிரிக்பீல்ட்ஸ் வரை நின்றே வந்தாள்.

"முடிஞ்சுதா லேனா?" சுகுமாறன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "திங்கட்கிழமை டைரக்டர்ஸ் பார்க்கணும்."

"ஒருத்தரத் தூக்க ரெண்டு பேர் வேணும் சார். காப்பார்லயும்."

"அப்புறம் எதுக்கு ட்ரெய்னிங்? தொண்ணூத்தி நாலு. நீங்க போட்ட மார்க்குதானே?"

"அது என் கால் வாங்கின மார்க்கு சார்."

அவர் நிமிர்ந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள், தன் பங்கைக் குறைக்காமல். அவர் முழுவதும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். லெஸ்லி அங்கிளின் தோள் எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்தார். பிறகு கதவை எட்டிச் சாத்தினார்.

"இத வெளிய சொன்னா முதல்ல அடிபடுறது நீங்க. புரியுதா? இப்போ கையெழுத்து போடுங்க. அடுத்த மாசம் மணல் மூட்டை வச்சு மறுபடி கிளாஸ் எடுங்க. யாரு வேணாம்னா?"

"அதுவரைக்கும் காப்பார்ல தனியாத் தூக்குவாங்க."

"ஒரு மாசந்தானே லா."

ஒரு மாதம். முப்பது கட்டில். ஒவ்வொருவரையும் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது இறக்கி ஏற்ற வேண்டும். சுவரில் சாய்ந்து நின்ற சீதாலெட்சுமியின் இடுப்புதான் கண்ணுக்குள் வந்தது.

சுகுமாறன் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எதிரில் உட்கார்ந்து அதை எடுத்தாள். கோப்பின் முதல் பக்கத்தின் மேலே, 'பரீட்சையில் நோயாளியாக உட்கார்ந்த நான் உதவி செய்து எழுந்தேன். மதிப்பெண்கள் செல்லாது. மறுதேர்வு வரை இருவர் தூக்க வேண்டும்' என்று எழுதித் தன் முழுப் பெயரையும் போட்டாள். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினாள். திறன் உறுதி என்ற வரியும் அதன் கீழே வெறும் கோடும் இருந்தன.

"அங்கதான்," என்றார் அவர்.

மேசைக்கடியில் அவள் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பேனாவை மூடி, கோப்பின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவரிடமே தள்ளினாள்.

"இல்ல சார்," என்றாள், மெதுவாக.