நடைப் பிரியர்கள்

பயணிகளைப் பிரிப்பதில் பரணிதரனுக்கு இருந்த ருசி சாப்பாட்டில்கூட இருந்ததில்லை. தஞ்சாவூரில் அவர் நடத்திய ஆலோசனை நிறுவனத்துக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. குடவாசல் வட்டாரத்தில் யார் எதில் போகிறார்கள், வருகிறார்கள் என்று பார்த்துக் குழு பிரிக்க வேண்டும். அதற்கேற்ப டவுன்பஸ் வழித்தடங்களை மாற்றச் சொல்ல வேண்டும். காரே கதி என்று இருப்பவர்கள் ஒரு குழு. பைக்கை பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறவர்கள் ஒரு குழு. ஷேர் ஆட்டோவோ ரயிலோ, கிடைத்ததில் தொற்றிக்கொள்கிறவர்கள் இன்னொன்று. கடைசிக் குழுவுக்கு அவரே பெயர் சூட்டினார்: நடைப் பிரியர்கள்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் இசைவாணி முகத்தைச் சுளித்தாள். பரணிதரனின் நிறுவனத்தில்தான் அவளுக்கு வேலை. வரைபடம் அவள் போட்டது, பெயர் முதலாளி ஒட்டியது. அதில் நடைப் பிரியர்களின் பச்சை நிறத்தில் கிடந்தது தோப்புத்தெரு, அவள் பிறந்து வளர்ந்த தெரு. அங்கே ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. ஆனால் காலை பஸ் பாதி நாள் நிற்காது. கை காட்டினால் டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே போய்விடுவார். அடுத்த நிறுத்தமான மேலத்தெருவில் மட்டும் ஒற்றை ஆளுக்காகக்கூட ஹாரன் அடித்துக் காத்திருப்பார். அதனால் தோப்புத்தெருப் பெண்கள் வாய்க்கால் கரையோடு நடந்து மேலத்தெருவுக்குப் போய் ஏறுவார்கள். கணக்கெடுக்க வந்தவர்களிடம் இதைச் சொன்னார்களா என்றால் இல்லை. "எங்களுக்கு நடந்து பழக்கந்தாங்க" என்றார்கள். வெளியாளிடம் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்த வாய் வேறெப்படிச் சொல்லும்? வந்தவர்கள் பழக்கத்தை விருப்பம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

"சார், அவங்க விரும்பி நடக்கல. பஸ் நிக்கிறதில்ல, அதான் நடக்குறாங்க," என்று சொல்லிப் பார்த்தாள்.

"டேட்டா என்ன சொல்லுதோ அதுதாங்க இசைவாணி. சொந்த ஊர்ப் பாசத்தை இதுல கலக்காதீங்க," என்றார் பரணிதரன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். இவர் அதற்கு டேட்டா என்று பெயர் வைத்துப் பரிமாறினார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் குடவாசலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. போக்குவரத்து அதிகாரி மதிவதனி மேடையில் இருந்தார். மேடையோரம் லேப்டாப்போடு இசைவாணி உட்கார்ந்திருந்தாள். பரணிதரன் பெரிய திரையில் வரைபடத்தைப் போட்டு, தோப்புத்தெரு நிறுத்தத்தை எடுத்துவிட்டுப் பஸ்ஸை மேலத்தெரு வழியாகவே நேராக விடலாம் என்றார். எடுத்துவிட்டால் பாதி நாள் நிற்கிற பஸ்ஸும் போச்சு. மழைக்காலத்தில் அந்தக் கரையில் கணுக்கால் புதையும். இசைவாணியின் அம்மா அம்சம் குடவாசலில் தையல் வேலைக்குப் போகிறவள். முட்டிக்குத் தைலம் தேய்க்காமல் அவள் படுத்ததே கிடையாது.

முன் வரிசையில் இருந்து மேலத்தெரு நாகநாதன் எழுந்தார். ரைஸ் மில் முதலாளி. "நல்ல திட்டம். அவங்கள்லாம் நடந்து பழகுனவங்க. ஓசி பஸ்ஸுக்குத் தெருவுக்கு ஒரு ஸ்டாப்பு கேக்குதாக்கும்?" என்று சிரித்தார். பிறகு கடைசி வரிசைப் பக்கம் திரும்பி, "என்ன அம்சம், நான் சொல்றது சரிதானே?" என்றார்.

அம்சம் பதறி எழுந்தாள். "சரிதாங்கய்யா. எங்களுக்குப் பழக்கந்தாங்க."

 நாகநாதனின் சிரிப்பும், அதற்குத் தலையாட்டிய பரணிதரனின் முகமும் இசைவாணிக்கு அருவருப்பாக இருந்தன. அம்மாவின் அந்த 'சரிதாங்கய்யா'தான் எல்லாவற்றையும் விட அருவருப்பாக இருந்தது. பெற்றவள்மேல் அருவருப்பா என்று தன்மேலும் ஒரு வெறுப்பு வந்தது. மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"ஐயா, நீங்க இன்னைக்கு எதுல வந்தீங்க?"

"கார்லதான்."

"கார் இல்லாத அன்னைக்கு?"

"நடந்துக்குவேன்! வேளாங்கண்ணிக்கே நடந்து போனவன் நான். எங்க தெருவுல எவனுக்கும் நடக்க பயம் கிடையாது," என்றார் நாகநாதன். பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"அப்ப நீங்களும் நடைப் பிரியர்தாங்க. மேலத்தெருவையும் இதே குழுவுல சேத்துடுறேன்," என்று சொல்லிவிட்டு இசைவாணி கணினியைத் தட்டினாள். திரையில் தோப்புத்தெருவின் பச்சை நிறம் நகர்ந்து மேலத்தெருவையும் மூடியது.

"ஏய்! எங்களையும் அவங்களையும் ஒண்ணாவா சேக்குற? மொதல்ல அழி அதை!"

தன் தெரு நிறுத்தமும் போய்விடுமே என்ற கவலைகூட அந்த நேரத்தில் நாகநாதனுக்கு வரவில்லை. அவர் கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது. பரணிதரன் அவசரமாக லேப்டாப்பை மூடப் போனார். மதிவதனி கையை நீட்டித் தடுத்தார்.

"ஏன், சேத்தா என்னங்க?" என்று கேட்டார்.

நாகநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  கை தட்டியவர்கள் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவரைப் பார்த்துச் சீ என்று ஒரு சொல்கூட யார் வாயிலிருந்தும் வரவில்லையே என்றுதான் இசைவாணிக்கு ஆத்திரம்.

யாரும் கூப்பிடாமலே அம்சம் எழுந்தாள்.  முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"நான் முன்ன சொன்னது பொய்ங்க. எனக்கு நடக்கப் புடிக்கல. முட்டி உயிர் போவுது. எங்க தெருவுலயே பஸ் நிக்கணும். கை காட்டுனா நிக்கணும்."

"நிறுத்தம் இருக்கும்மா. நிக்காம போனா வண்டி நம்பரை எங்கிட்ட சொல்லுங்க," என்றார் மதிவதனி.

நாகநாதன் திரும்பிப் பார்த்தார். "சரி சரி, சொல்லிட்டல்ல. உக்காரு," என்றார்.

அம்சம் உட்காரவில்லை.