ஆறு இலக்க மாப்பிள்ளை

என் தங்கைக்கு மூளை உண்டு. வேண்டிய நேரத்தில் மட்டும் அது வெளியூர் போய்விடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவள், அன்று என் ரொட்டிக்கடைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்து, "அக்கா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு" என்றாள். மாவுக் கையோடு கட்டிக்கொண்டேன்.

கழன்ற கண்ணாடிக் காலை முடுக்கிக்கொள்ள வந்தவராம். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். காதுக்குக் கெடுதல் என்று செல்போன் வைத்துக்கொள்வதில்லை. ஐந்து மணிக்கு வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போகிறார். அதற்குள் கூப்பிடச் சொல்லி வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"அப்ப கூப்பிடேண்டி!"

"நம்பர் மறந்துபோச்சுக்கா."

"எழுதி வைக்கலையா?"

"ஆறு இலக்கம், திருப்பி வாசிச்சாலும் அதேதான், அதோட, ஒரு எண்ணை அதாலயே பெருக்கினா வர்ற முழு வர்க்கம்னும் சொன்னாரு. அப்படிக்கூட ஒன்னு இருக்குமான்னு யோசிச்சிட்டே நின்னேனா, நம்பர் போயிடுச்சு." அழுதுவிட்டாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். தலையெல்லாம் மாவு. மணி நாலு.

"ஒப்பாரி வைக்காதடி. யோசி."

மேசையில் சிந்திக் கிடந்த மாவில் விரலால் எழுத ஆரம்பித்தாள். அழுகை தானாக நின்றது.

"ஆறு இலக்கம், திருப்பினாலும் மாறாதுன்னா அது பதினொன்னால வகுபடும். பதினொன்னு பகா எண். அப்ப எதை அதாலயே பெருக்கி இது வந்துச்சோ, அதுவும் பதினொன்னால வகுபட்டாகணும். அதுக்குக் கீழே ஆறு இலக்கம் வராது, அதனால 319ல ஆரம்பிச்சு பதினொன்னு பதினொன்னா ஏறுவோம். 990க்கு மேல போக வேண்டாம், ஏழு இலக்கமாயிடும்."

நான் கால்குலேட்டரைத் தட்டினேன். 319க்கு 101761. திருப்பினால் 167101. ஊகூம். 330, ஊகூம். அடுப்பில் ஒரு தட்டு ரொட்டி கருகியது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாலரைக்கு 836ஐத் தட்டினேன். 698896. இந்தப் பக்கமிருந்து வாசித்தேன், அந்தப் பக்கமிருந்தும் வாசித்தேன்.

"இருக்கு! நிஜமாவே இருக்குக்கா!" என்று குதித்தாள்.

"போனை எடு."

"இரு அக்கா, மீதியையும் பாத்துடலாம். இது ஒன்னுதானா, இன்னொன்னும் இருக்கான்னு."

எனக்கு வந்த கோபத்தில் நானே நம்பரை அழுத்தினேன். வெகுநேரம் மணி அடித்து, ஓர் ஆண்குரல் எடுத்தது.

"கண்ணாடிக் கடைப் பொண்ணோட அக்கா பேசறேன். அவ நம்பரை மறந்துட்டா. நீங்க சொன்னதை வச்சுக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சோம்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ?

அவர் மெதுவாகக் கேட்டார்: "மீதியையும் பாத்துட்டீங்களா? அது ஒன்னுதானா?"

போனைத் தங்கையிடம் நீட்டினேன்.

மணி ஐந்தைத் தாண்டியும் உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். லாரிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டாராம். அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேசையைத் துடைக்கத் துணியை எடுத்தேன். மாவில் அவள் எழுதிய 836 அப்படியே இருந்தது. ஒருவேளை இன்னொன்று இருக்குமோ?

துணியை வைத்துவிட்டு 847ஐத் தட்டினேன்.