கிடங்குக் கதவின் வெளிப்பக்கம்

பெரிய காற்று என்று நாங்கள் சொல்லும் புயலைப் பற்றி எங்கள் ஊரில் நாற்பது வருடமாக ஒரே கதைதான். கிடங்கு முதலாளி கதவைத் திறந்துவிட்டு நாற்பது உயிரைக் காப்பாற்றினார். அதில் நானும் ஒருவன் என்பதால் எனக்கும் சேர்த்துக் கைதட்டுவார்கள். அக்கா என்னை முதலில் உள்ளே தள்ளினாள். அவள் கால் வைப்பதற்குள் முதலாளி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். அவள் வெளியே நின்று கல்லால் இடித்துக்கொண்டே இருந்ததை யாரும் சொல்வதில்லை. சொன்னால் உள்ளே உட்கார்ந்திருந்த எல்லோரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. தாழ்ப்பாள் எட்டவில்லை.

இப்போது நான் தச்சன். போன மாதம் முதலாளியின் மகன் என் பட்டறைக்கு வந்தார்.

"அந்தக் கதவ நினைவு மண்டபத்துல வைக்கப்போறோம்ணே. பெயிண்ட எல்லாம் சுரண்டிருங்க. அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கணும்."

"அன்னைக்கு இருந்த மாதிரியேவா?"

"அப்படியே."

பாவம், அவர் அப்போது பிறக்கவே இல்லை. வெளிப்பக்கத்துக்கு மட்டும் எதற்கு மூன்று பூச்சுப் பெயிண்ட், அதற்கடியில் பள்ளத்தை அடைத்த பட்டி எதற்கு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உளியால் பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். பள்ளங்கள் வெளியே வந்தன. பதினேழு. பன்னிரண்டு வயதுப் பெண் கையோங்கும் உயரத்தில் இருந்தவை நல்ல ஆழம். கீழே வரவர ஆழம் குறைந்தது. கடைசி நான்கும் தரையை ஒட்டி, வெறும் கீறலாக இருந்தன. உளியைப் போட்டுவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

மண்டபத்தில் வெளிப்பக்கம் ஜனங்களைப் பார்க்கும்படி வைத்து, சுவரோடு சுவராகச் சிமெண்ட் போட்டுப் பதித்தேன்.

திறப்பு விழாவில் முதலாளியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். துணி விலக்கியதும் வயதானவர்கள் பலர் தலை குனிந்துகொண்டார்கள். மகன் மட்டும் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"அப்பாவுக்குத் தெரியும் தம்பி. கேளுங்க."

மகன் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். "அப்பா, வெளிய யாருப்பா இருந்தா?"

கிழவர் மகனைப் பார்க்கவில்லை. "திருப்பி வைக்கச் சொல்லு" என்றார்.

"திருப்பணும்னா சுவர இடிக்கணும்" என்றேன்.

அவர் கைகள் சக்கரங்களைப் பிடித்துப் பின்னால் இழுத்தன. நான் நாற்காலியின் பிரேக்கைக் காலால் அழுத்திவிட்டு நிமிர்ந்தேன். அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.