நூற்று நாற்பத்து மூன்று சாம்பல் புள்ளிகள்

பழைய வெர்ஷன் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செத்துப்போகும் என்று சொன்னவன் நெக்ஸ்ட். மென்பொருள் கம்பெனி அனுப்பிவைத்த பயிற்சியாளன். எதைக் கேட்டாலும் "நெக்ஸ்ட் அமுக்குங்க" என்பான். குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. அங்கே படம் வரையும் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கறார். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால் "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்று கேட்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பத்து வருடமாக வரைந்து சேர்த்த நகர வரைபடத்தைப் பழைய வெர்ஷனிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலையைப் பிரிவுத் தலைவரான மேடம் அவளிடம்தான் கொடுத்திருந்தார். அந்த வரைபடம் ஒரே தாள் இல்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல லேயர் லேயராக இருக்கும். குழாய்க்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. எந்த லேயர் வரவேண்டுமோ அதற்கு டிக் போட வேண்டும். டிக் இல்லாதது பழையதோடு போய்ச்சேரும்.

பட்டியலில் முப்பத்து நான்கு லேயர் இருந்தது. முன்னால் வேலை பார்த்தவர்கள் போட்டது போட்டபடி விட்டுப்போன குப்பையும் அதில் சேர்த்தி. டெஸ்ட், டெஸ்ட் இரண்டு, சார் சொன்னது, சார் மறுபடி சொன்னது, பழசு, தற்காலிகம். ஒருத்தனுக்காவது வேலையை முடித்துவிட்டுப் பெருக்கிவிட்டுப் போகத் தெரிகிறதா என்று பல்லைக் கடித்துக்கொண்டே பதினொரு டிக்கை எடுத்தாள். தற்காலிகத்தை மட்டும் ஒரு தடவை திறந்து பார்த்தாள். திரையின் மூலையில் ஏதோ சாம்பல் நிறப் புள்ளிகள். பெரிதாக்கிப் பார்க்கவில்லை. எடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை புதிய வரைபடம் பெரிய திரையில் திறந்தது. ஒரு பிழைகூட இல்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கே. திங்கக்கிழமை புது குழாய்த் திட்டம் போடுறவங்க வர்றாங்க. அடுத்த அஞ்சு வருஷத்துக்கு இந்தப் படம்தான். இதுல வீடு இருந்தா குழாய் போகும், இல்லாட்டி போகாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உன்னை நிரந்தரம் பண்றதுக்கான ஃபைலை நாளைக்கு மேலே அனுப்பறேன்" என்றார்.

மூன்று வருட ஒப்பந்த வேலை. அவளுக்கு நன்றி சொல்ல வராது. "சரி மேடம்" என்றாள். வெளியே வந்து படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக இறங்கினாள்.

அலுவலக வேனில் ஏறி, வழக்கம்போல மருந்துக்கடை முனையில் இறங்கிக்கொண்டாள். அங்கிருந்து அவள் வீட்டுக்கு இருபது நிமிட நடை. ஆனால் அலுவலக ஃபைலில் இருக்கும் விலாசம் அந்த முனையில் குடியிருக்கும் கல்லூரித் தோழியுடையது. இதற்கு முன் ஓர் இடத்தில் உண்மையான விலாசத்தை எழுதிக் கொடுத்தபோது, நேர்முகத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அதைப் படித்துவிட்டு ஃபைலை மூடி ஓரமாகத் தள்ளினான். அந்தச் சத்தம் அவள் காதில் இன்னும் இருந்தது. அடுத்த முறை தோழியின் விலாசத்தை எழுதினாள்.

கோடவுன்களுக்குப் பின்னால் இருப்பதால் அவள் இருக்கும் இடத்துக்குப் பின்பக்கம் என்று பெயர். தெருப் பெயர், கதவு எண் எதுவும் கிடையாது. தண்ணீர் லாரி மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அதுவும் அதன் இஷ்டத்துக்கு.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் வேலை முடிந்து வந்த அம்மா, குடங்களை வரிசையில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் அவள் தன் கைபேசியை நீட்டினாள்.

"இது நான் செஞ்சது. ஊரு முழுக்க இருக்கு, பாரு."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வழி தெரியும். விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே போனாள். "இது ஆஸ்பத்திரி, வளைஞ்சி போகுதே. இது பஸ் திரும்புற இடம். இது கோடவுன், நாலு நீளமா." விரல் நின்றது. "ஏண்டி, நம்ம வீடு எங்க?"

கோடவுனுக்குப் பின்னால் வெள்ளையாக இருந்தது.

"பெருசு பண்ணு" என்றாள் அவள். அம்மா பெரிதாக்கினாள். வெள்ளை பெரிதானது.

"ஊரையே போட்டிருக்கே, பெத்தவ இருக்குற இடத்தை விட்டுட்டியே" என்று அம்மா சிரித்தாள். பக்கத்துக் குடத்துக்காரியும் எட்டிப் பார்த்து, "விடுக்கா, இந்தப் பக்கம் வர அதுக்கு வழி தெரிஞ்சிருக்காது" என்றாள்.

அந்தச் சாம்பல் புள்ளிகள் எந்த மூலையில் இருந்தன என்பது அவளுக்கு இப்போது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காவலாளி கதவைத் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். பழைய வெர்ஷனில் தற்காலிகத்தைத் திறந்து பெரிதாக்கினாள். நூற்று நாற்பத்து மூன்று வீடு. கதவு எண் இல்லாததை வீட்டு லேயரில் சேர்க்க வழியில்லாமல், எண் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று எவரோ ஒரு புண்ணியவான் தனியாகப் போட்டு வைத்திருக்கிறார். தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தையது. எண் வரவில்லை. அவள்தான் வந்தாள், டிக்கை எடுக்க.

இந்தத் தடவை திட்ட வேறு ஆள் இல்லை. பிறகு டிக் போட்டு, புதியதற்குள் இழுத்தாள். நூற்று நாற்பத்து மூன்றும் சிவப்பாகத் திரும்பி வந்தன. கதவு எண் கட்டாயம். தகவல் தந்தவர் பெயர், விலாசம் கட்டாயம். இரண்டு பெட்டியும் காலி.

அப்போதுதான் வந்த நெக்ஸ்ட், பையைக்கூட இறக்காமல் எட்டிப் பார்த்தான். "கட்டாயத்தைத் தளர்த்தலாங்க. எண்ணுக்குப் பதிலா அடையாளம்னு ஒரு பெட்டி இருக்கு. ஆனா அதைத் திறக்க மேடம் பாஸ்வேர்டு வேணும்."

"சாயந்திரத்துக்கு அப்புறம் பண்ண முடியுமா?"

"அஞ்சு மணிக்கு மேல பழைய ஃபைல் திறக்காதுங்க. திறக்காததை எங்க போய் எடுக்கறது?"

மேடத்தின் மேசைமேல் நிரந்தர ஃபைல் இருந்தது. கையெழுத்துக்கு வைத்த பேனா அதன்மேல். அவள் அதைப் பார்க்காமல் சொன்னாள்.

"மேடம், நேத்து பிழை இல்லைன்னு சொன்னது பொய்யாயிடுச்சு. நூத்தி நாப்பத்தி மூணு வீட்டை விட்டுட்டேன். பெருசாக்கிப் பாக்காம நான்தான் எடுத்தேன்."

மேடம் அவள் நீட்டிய தாளைப் படித்தார். "தற்காலிகம்னு போட்டிருக்கே. ஒன்பது வருஷம் ஆச்சு. இப்போ அங்க ஆள் இருக்காங்களான்னு யாருக்குத் தெரியும்? நேர்ல போய்ப் பாத்து அறிக்கை வாங்க மூணு மாசம் ஆகும். அடுத்த திட்டத்துல பாத்துக்கலாம், விடு."

"அடுத்த திட்டம் அஞ்சு வருஷம் கழிச்சு."

"எனக்குத் தெரியாதா? தகவல் தந்தவர்னு யாரை எழுதுவே? காத்தையா?"

"என்னை எழுதுங்க. நான் அங்கதான் இருக்கேன்."

மேடம் நிமிர்ந்தார். ஃபைலைத் திறந்து இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். "இதுல மருந்துக்கடைத் தெருன்னு இருக்கு."

"பொய் எழுதினேன்."

"ஏன்?"

"உண்மை எழுதின இடத்துல வேலை கிடைக்கலை."

மேடத்தின் முகம் சுண்டிப்போயிருந்தது; கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அழுதுவிடக் கூடாது என்று மேசைக்காலையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். நான்தான் அனுப்பணும்" என்றார் மேடம் கடைசியில். "இந்த ஃபைல் இன்னைக்குப் போகாது. எப்போ போகும்னும் என்னால சொல்ல முடியாது. புரியுதா?"

"புரியுது."

மேடம் நிரந்தர ஃபைலை இழுப்பறைக்குள் வைத்தார். எழுந்து வந்து, அவளுடைய கணினி முன் குனிந்து, இரண்டு விரலால் பாஸ்வேர்டைத் தட்டினார். "மணி பத்தரை. ஆறரை மணி நேரம் இருக்கு. உன்னை மட்டும் எழுதாதே. வீடு மாறியிருக்கும், இடிஞ்சிருக்கும். அங்க இருக்குற இன்னொருத்தர்கிட்டயும் கேட்டு எழுது."

அவள் அம்மாவுக்குப் போன் அடித்தாள். அம்மா மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, வெளுக்கும் அறையின் பின்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வரைபடப் பிரிவு முழுக்கக் கேட்டது.

"லாரி நிக்கிற இடத்துலேருந்து எண்ணு. முதல்ல கோணக் கதவு வீடு. அடுத்தது ரெண்டு தொட்டி வச்சிருக்கவ. அடுத்து தையல் மெஷினு. அதுக்கு அடுத்தது இடிஞ்சி போச்சு, அதை எடுத்துடு. அந்த இடத்துல இப்போ அண்ணனும் தம்பியும் ரெண்டாப் பிரிச்சிக் கட்டிட்டாங்க, ரெண்டாப் போடு. ஒண்ணாப் போட்டா அடிச்சிக்குவானுங்க."

அடையாளம் பெட்டியில் அவள் அப்படியே அடித்தாள். கோணக் கதவு. இரண்டு தொட்டி. தையல் மெஷின். பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து புள்ளிகளைக் கட்டங்களாக மாற்றிக்கொண்டிருந்த நெக்ஸ்ட், ஒவ்வொன்றுக்கும் "நெக்ஸ்ட்" என்றான்.

"யாருடி அது, சும்மா சும்மா நெக்ஸ்ட்டுங்கிறது?"

"கம்பெனிக்காரரு. நீ சொல்லு."

"பாவம், சாப்ட்டாரான்னு கேளு."

மூன்று மணிக்கு அம்மாவின் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி சொன்னாள். ஒரே ஒருவன் பேரில் மட்டும் முரண்டு பிடித்தாள். "அந்தக் குடிகாரன் வீட்டைப் போடாதே. போன மாசம் என் குடத்தை உதைச்சான்."

"போட்டாச்சும்மா."

"போட்டுத் தொலை. அவன் பொண்டாட்டிக்கும் தண்ணி வேணும்ல."

நாலே முக்காலுக்கு ஒன்றே ஒன்று பாக்கி. நூற்று நாற்பத்து நான்காவது; தம்பிக்காரன் வீட்டால் கணக்கில் ஒன்று கூடியிருந்தது.

"நம்ம வீட்டுக்கு என்னம்மா எழுதறது?"

"படிச்ச பொண்ணு வீடுன்னு எழுது. அப்படிச் சொன்னாத்தான் லாரிக்காரனுக்கே தெரியும்."

நெக்ஸ்ட் திரும்பிப் பார்த்தான். அறைக்கதவில் மேடம் நின்றிருந்தார். அவளுக்குக் காது சூடாகியது.

"குழி வெட்ட வர்றவனுக்குப் படிப்பு கண்ணுல தெரியுமா? நீலக் கூரைன்னு போடறேன்."

"அதுவும் சரிதான். புதுத் தகரம்."

அவள் அடித்தாள். சேமித்தாள். சிவப்பு ஒன்றுகூட இல்லை. வகை என்று கேட்ட இடத்தில் புதிய வெர்ஷனில் தற்காலிகம் என்ற சொல்லே கிடையாது. குடியிருப்பு என்பதைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளையாக இருந்த மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து நின்றன.

ஐந்து மணிக்குப் பழைய வெர்ஷன் தானாக மூடிக்கொண்டது. பெரிய சத்தம் எதுவும் இல்லை.

மேடம் ஒரு படிவத்தை அவள் மேசையில் வைத்தார். பணியாளர் விலாசத் திருத்தம். "நோட்டீசுக்கு முன்னாடி இதைக் குடுத்துடு. நீயே திருத்தினதா இருக்கட்டும்" என்றார்.

அவள் பேனாவை எடுத்தாள். கதவு எண் என்று இருந்த கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அதன் கீழே, கோடவுன்களுக்குப் பின்னால், நீலக் கூரை. கையெழுத்துப் போட்டாள்.

மேசைமேல் கைபேசி இன்னும் லைனிலேயே கிடந்தது.

"முடிஞ்சிதாடி?" என்றாள் அம்மா, கட்டிப்போன குரலில். "முடிஞ்சிதுன்னா சீக்கிரம் வா. இன்னைக்கு லாரி வராது, அடிபம்புக்குப் போகணும்."