எடை காட்டாதவர்கள்

கட்டணச் சீட்டு முறை வந்த மூன்றாம் நாள், அரசு மருத்துவமனையின் எடை பார்க்கும் இயந்திரம் சீட்டு வாங்க வசதியில்லாதவர்களுக்கெல்லாம் சுழியம் காட்டத் தொடங்கியது. கடல் தாண்டிய வங்கியொன்று கடனோடு சேர்த்து அனுப்பிய திட்டம் அந்தச் சீட்டு முறை. பதினோரு நாடுகளுக்கு ஒரே அறிக்கை. முப்பதாம் பக்கத்தில் வேறொரு நாட்டின் பெயர் அப்படியே இருந்தது, யாரும் திருத்தவில்லை. பழுது பார்க்க வந்தவர் சிமென்ட் மூட்டையை ஏற்றிப் பார்த்தார். ஐம்பது கிலோ, பிசகில்லை. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆளுங்கதான் சரியில்ல" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

புதிய படிவம் சுழியத்தை ஏற்கவில்லை. "எடையே இல்லாதவங்க வந்தாங்கன்னு எப்படிங்க எழுதறது? 'வரவில்லை'ன்னு போட்டுடுங்க சிஸ்டர்" என்றார் கண்காணிப்பாளர். எடை பார்க்கும் நர்ஸ் அப்படியே போட்டாள். எதிரே நின்று இருமுகிறவரின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுத முதல் வாரம் கை கூசியது, பிறகு பழகிவிட்டது. ஒரே ஆண்டில் நோயாளிகள் பாதியாகக் குறைந்தார்கள். ஊர் ஆரோக்கியமாகிவிட்டதென்று வெளிநாட்டு மாநாட்டில் கை தட்டினார்கள். நர்ஸுக்குச் சான்றிதழ் தர அதிகாரிகள் நேரிலேயே வந்தார்கள்.

அன்று பார்த்து அவளுடைய அக்கா வரிசையில் நின்றாள். ஏற்றுமதித் துணி ஆலையில் பதினாறு வருடம் தையல் மிதித்து, தங்கையை நர்ஸுக்குப் படிக்க வைத்தவள். கூலி மலிவான நாடு கிடைத்ததும் ஆலை அங்கே போய்விட்டது. பஞ்சுத் தூசி மட்டும் அவள் நெஞ்சில் தங்கிவிட்டது. தங்கையிடம் சீட்டுக்குக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. எடை இயந்திரத்தில் ஏறினாள். முள் அசையவில்லை. அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் தலை நிமிராமல், "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "சரிங்க சிஸ்டர்" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

அந்த இரண்டு சொல் நர்ஸைச் சோறு தின்ன விடவில்லை. அக்கா வீட்டுத் தெருமுனைவரை போய்ப் போய்த் திரும்பினாள். பன்னிரண்டாம் நாள் காலை, இயந்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, வரிசையில் முதலில் நின்ற கொத்தனாரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கைகளாலும் தூக்கினாள். கனத்தார். "அம்பத்திரண்டு" என்று எழுதினாள். படிவம் ஏற்றுக்கொண்டது. கண்காணிப்பாளர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போனார்.

மறுநாள் அக்காவைக் கூட்டி வந்தாள்.

"இப்பத்தான் என்னைத் தெரியுதாடி?"

தங்கை அவளைத் தூக்கினாள். முப்பத்தெட்டு.

"எறக்கி விடுடி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்க்கா."

ஒன்றரை நுரையீரலோடு அக்கா பிழைத்துக்கொண்டாள். தங்கையிடம் நன்றாகவே பேசுகிறாள். தங்கைக்குத்தான் இன்றுவரை அவள் முகத்தை நேராகப் பார்க்க வரவில்லை. சில வருடங்கள் கழித்து, கட்டணம் தவறான யோசனை என்று அதே வங்கி இன்னோர் அறிக்கை அனுப்பியது; தவறு யாருடையது என்று அதில் இல்லை. நர்ஸ் இன்றும் காலை எட்டு மணியிலிருந்து ஒவ்வொருவராகத் தூக்குகிறாள். அவள் சொல்லும் எடையில் அரைக் கிலோ முன்பின் இருக்கும். மருந்து கொடுப்பவர் அதற்குத் தக்கபடி அளவைப் பார்த்துக்கொள்கிறார்.